வைகை முகத்துவாரம்: மதுரையிலேயே தொடங்கும் தவறுகள்

சிவனுக்கு நஞ்சு தந்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாக ஒரு பழங்கதை உண்டு. கதை அழகுதான். அதையே புவியியலாக நம்புவதுதான் முதல் தவறு. வருசநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. நல்ல வெள்ளக் காலத்தில் மிஞ்சும் நீர் மட்டும் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. முகத்துவாரம் பிழைத்துக் கிடப்பது அந்த மிச்சத்தை நம்பித்தான்.

மழை வலுத்தால் போதும், ‘கடலில் வீணாகும் நீர்’ என்ற பேச்சு மதுரையில் கிளம்பிவிடும். வீணா? நன்னீர் வந்தால்தான் உப்பு தணியும், வண்டல் சேரும், ஆற்று வாயை அடைக்கும் மணல் திட்டு உடையும். மடவை, கொடுவா, இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வதெல்லாம் இப்படிப்பட்ட உவர்நீரில்தான். கண்மாய்களை நிரப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை; கடைசிச் சொட்டுவரை மறிக்க நினைப்பதைத்தான் சொல்கிறேன். அப்புறம், நகருக்குள் ஆற்றில் விழும் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் வெள்ளத்தோடு எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, முகத்துவாரத்தில் அலையாத்தி (கடலோரச் சதுப்பில் வளரும் மரம்) நடும் ஆர்வம். வெறும் சேறாகத் தெரியும் இடம் உள்ளான் பறவைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு. அங்கே கன்று நடுவது உதவியல்ல. அலையாத்தியின் வேர்கள் சேற்றுக்கு மேலே தலைநீட்டி மூச்சுவிடுபவை. கடல்நீர் ஏறி வடியும் இடத்தில்தான் அது நிற்கும், எப்போதும் மூழ்கிய இடத்தில் செத்துவிடும். கடற்புல் மேல் நட்டால் இரண்டும் போச்சு.

ஆய்வுக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் மேல்நீரை மட்டும் பாட்டிலில் மொண்டு உப்பை அளந்துவிடுகிறார்கள். கடல்நீர் கனமானது, நன்னீருக்கு அடியில் நுழைந்து கிடக்கும். அடியிலும் அளக்காத கணக்கு பாதிக் கணக்குதான். நண்பகலில் பாசிகள் ஆக்சிஜனை நீரில் நிறைய வெளிவிடும். அது மிகக் குறைவது விடியலுக்கு முன். கடல் ஏற்றமா இறக்கமா என்று நேரம் குறிக்காத அளவைப் பிறகு எதனோடும் ஒப்பிட முடியாது. பருவமும் முக்கியம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளே, ஓதம் (கடல் ஏற்றம்) எட்டும் எல்லையை ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு என்று வைத்து, அதை ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளக்கச் சொல்கின்றன. டிசம்பரில் ஒருமுறை போய்வந்து எல்லை வரையக் கூடாது.

கடல் அட்டை, கடல்குதிரை கண்ணில் பட்டால் மாதிரி என்று எடுத்து வராதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பாடத்துக்கு ஒரு போட்டோ போதும்.