முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளராகச் சேருகிற பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது சான்றிதழைப் பற்றித்தான். பராமரிப்பாளர், தாதி உதவியாளர் என்று என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பயிற்சிகள் இருக்கின்றன. கட்டாயம் செய்யுங்கள். பிறகு வெளிநாடு போக நினைத்தாலும் உதவும். மற்றபடி இந்த வேலைக்கு வேண்டியது கவனம். டொக்டர் எப்போதாவதுதான் வருவார், மிஸ்ஸுக்கோ (தாதிக்கு) தலைக்கு மேல் வேலை. ஒரு முதியவரின் உடம்பை ஒவ்வொரு நாளும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கிற ஆள் நீங்கள்தான்.

முதலில், அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே கேளுங்கள். ஓய்வுபெற்ற அதிபருக்கு 'சேர்' என்றால்தான் முகம் மலரும். இன்னொருவருக்கு 'அப்பு' பிடிக்கும். மூதூரில் இருந்து வந்த உம்மாவுக்கு முக்காட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் அறைக் கதவைத் திறக்க வேண்டும். குளிக்க வார்க்கும்போதும் அப்படித்தான்: திரையை இழுத்து மூடி, கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடத்தைத் துவாயால் மூடுங்கள். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள். சீனி வருத்தக்காரருக்குக் கால்விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது.

பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வழங்காத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கை முதலில். அக்குளில் பிடித்துத் தூக்கவே வேண்டாம், தோள்மூட்டு விலகிவிடும்.

நான் அதிகம் பயப்படுவது படுக்கைப் புண்ணுக்கு. எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வையுங்கள். புரட்டுகிற ஒவ்வொரு முறையும் முதுகின் அடி, இடுப்பெலும்பு, கணுக்கால், குதிக்கால் எல்லாம் பாருங்கள். தோல் சிவக்கும், அழுத்தினால் வெளிறாது என்று பாடத்தில் சொல்லித் தருவார்கள். எங்கள் கறுத்தத் தோலில் அந்தச் சிவப்பு இலேசில் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கல்லுமாதிரி இறுகி, அல்லது கொழகொழவென்று மெத்தென்று இருந்தால் அங்கே புண் தொடங்குகிறது. கொஞ்சம் ஊதா நிறமாகவும் தெரியலாம். உடனே அந்தப் பக்கம் பாரம் படாமல் தலையணை கொடுத்து மிஸ்ஸிடம் சொல்லுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். வீட்டில் பாசத்தோடு செய்கிற வேலைதான், ஆனால் நலிந்த தோலை அது இன்னும் கெடுக்கும். ஈரமான பம்பஸையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்துங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். முடிந்து அரை மணித்தியாலமாவது படுக்க விடாதீர்கள். இடையில் இருமினாலோ, குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கிற காற்றுக் காலம். திருகோணமலையில் அது அடிக்கத் தொடங்கினால் நாக்கெல்லாம் வறண்டு போகும், வயது போனவர்களுக்கோ தாகம் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு முறை அறைக்குள் போகும்போதும் இரண்டு மிடறு தண்ணீராவது கொடுங்கள் (சிறுநீரகம், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு டொக்டர் சொன்ன அளவுதான்). சிறுநீர் கடும் மஞ்சளானால் சொல்லுங்கள். நேற்று நன்றாகக் கதைத்த ஆச்சி இன்று திடீரென்று இடம், ஆள் தெரியாமல் பேசினால் 'வயசு போட்டுது' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுக் கிருமியோ, நீர் வற்றியதோ, ஒரு மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும்.

கொப்பியில் 'சாப்பாடு குறைவு' என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனமில்லை. 'அரைக் கோப்பை கஞ்சி, பிளேன்டீ குடிக்கவில்லை, வலது குதிக்கால் சூடு' என்று நேரத்தோடு எழுதுங்கள். முறை மாறும்போது அடுத்த பிள்ளையைக் கட்டிலடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குதிக்காலை அவளும் தொட்டுப் பார்த்த பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.