ஸ்டேடியத்தில் ஓட்டை போடும் முன்

போன மாதம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு ஸ்டேடியம் கேலரியின் டிராயிங்கைக் கொண்டுவந்து காட்டினான். கணக்கெல்லாம் சுத்தம். மழைநீர் பைப் எங்கே இறங்குகிறது என்று கேட்டேன். "அதை பிளம்பிங் கன்சல்டன்ட் பார்த்துக்குவார் சார்" என்றான். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். கவர் பிளாக் வை, கியூப் டெஸ்ட் எடு என்பதையெல்லாம் சைட்டில் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன். ஸ்டேடியம் டிசைன் செய்யும் எஞ்சினியர்கள் வழக்கமாகத் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஸ்லீவ் விடாமல் கான்கிரீட் போடுவது

ஸ்லீவ் என்றால் பைப் போக வழி விட்டு, கான்கிரீட் ஊற்றும் முன்பே பீமுக்குள் வைக்கும் பிவிசி துண்டு. கேலரியைத் தாங்குவது சாய்வாக இறங்கும் ரேக்கர் பீம். 1000 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் தண்ணீர். அது இந்த பீம்களைத் தாண்டித்தான் தரைக்கு வர வேண்டும். பைப்பைத் தூணோடு ஒட்டி இறக்கத்தான் பிளம்பருக்குப் பிடிக்கும். கிளாம்ப் அடிக்கச் சுலபம். பீமுக்கோ அதுதான் உயிர்நிலை. ஷியர், அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, அதிகம் வருவதும் மேல்கம்பி நெருக்கமாக ஓடுவதும் தூண் முகத்தருகேதான்.

என் முதல் ஸ்டேடியத்தில் ஸ்லீவ் விடவில்லை. ஒரு சாயங்காலம் சைட்டிலிருந்து போன்: "சார், ஆறு இஞ்ச் ஓட்டை ஒண்ணு, கோர் போட்டுக்கட்டுமா?" நெரிசலான பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனால், தூணடியில் உருளை உருளையாகக் கான்கிரீட் துண்டுகள். ஒன்றைக் காலால் புரட்டினேன். 25 எம்எம் கம்பியின் வெட்டுமுகம் புது நாணயம் போலப் பளபளத்தது. நான் சரி என்றது ஒரு ஓட்டைக்கு. போட்டிருந்தது பதினொன்று. ஸ்டேடியத்தில் எல்லா ஃபிரேமும் ஒன்றுபோல இருப்பதால், ஓரிடத்தில் கொடுத்த அனுமதி வரிசையாக ஓடிவிடும்.

பதினொரு பீமுக்கும் முட்டுக் கொடுத்து, ஜாக்கெட்டிங் செய்து (சுற்றிலும் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போர்த்தி), லோடு டெஸ்ட் எடுத்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஆரம்பத்திலேயே பிவிசி துண்டுகளை வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். இப்போது நினைத்தாலும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

கான்கிரீட்டுக்கு முன்பே மழைநீர், ஃபயர் லைன், கேபிள் டிரே, ஏசி டக்ட் எல்லாவற்றையும் ஒரே டிராயிங்கில் ஏற்றுங்கள். பைப்பை பீமுக்குப் பக்கத்தில் இறக்கினால் பீமைத் தொடவே வேண்டாம். துளைத்தே ஆக வேண்டுமா? தூணிலிருந்து பீமின் ஆழத்தளவாவது தள்ளிப் போய், கணக்குப் போட்டு, சுற்றிலும் கூடுதல் கம்பி கொடுங்கள்.

கூட்டம் அசையாது என்று நினைப்பது

நிலையான இருக்கை இருந்தால் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன் பாரம், இல்லாவிட்டால் 5 என்கிறது ஐஎஸ் 875, கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரவிதி. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டுப் போட்டால் கூட்டம் நொடிக்குச் சுமார் இரண்டு முறை சேர்ந்து குதிக்கும். கேலரியின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) அதற்கோ அதன் இரு மடங்குக்கோ பக்கத்தில் இருந்தால், பலம் போதுமானதாக இருந்தும் கேலரி ஆடும்.

காற்று

முன்பக்கம் திறந்த கூரையைக் காற்று மேலே தூக்கும். அதற்கும் கணக்குப் போடுங்கள்.

தொய்வை அலட்சியப்படுத்துவது

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் அரங்கக் கூரை, கட்டும்போதே கணக்கைவிட இரு மடங்கு தொய்ந்தது. கேட்டவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிப்பாரம் தாங்காமல் விழுந்தது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழிப்பறை

இடைவேளைக் கூட்டத்தை வைத்துக் குழாய் அளவு எடுங்கள்.

அப்புறம், அந்தப் பையன் நேற்று டிராயிங்கைத் திருத்திக் கொண்டுவந்தான். மழைநீர் பைப் வந்துவிட்டது. தூணோடு ஒட்டி.