பழைய பிக்கப்பில் ஏபிஎஸ் லைற் அணையாவிட்டால்: பம்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏபிஎஸ் என்பது, இறுக்கிப் பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பியதும் ஏபிஎஸ் என்ற மஞ்சள் லைற் எரிந்து, ஏறக்குறைய 3 விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓட்டத்தில் திடீரென எரிந்தாலோ, ஏபிஎஸ் பெட்டி ஒரு பிழையைக் கண்டு தன் வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். சாதாரண பிறேக் பிடிக்கும். ஆனால் ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்து பெடலை இறுக்கி மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே இழுபட்டுப் போகும்.

திறப்பைப் போடும்போது அந்த லைற் எரியவே இல்லையென்றால் அதுவும் பிழைதான். பிழையைத் திருத்தாமல் பல்பைக் கழற்றிவிட்டு வண்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

சிவப்பு பிறேக் லைற்றும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம். ஹான்ட்பிறேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிறேக் ஒயில் போத்தலில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பிறேக் பாட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு ஓடுவது ஆபத்து. மூடியில் எழுதியுள்ள வகையை மட்டும் ஊற்றுங்கள், பெரும்பாலும் டொட் 3.

மஞ்சள் மட்டும் எரிகிறதா? பற்றறியில் தொடங்குங்கள்

ஒரு மல்ரிமீற்றர், 10, 12 இலக்கச் சாவிகள், ஜக், இரண்டு ஸ்ராண்ட், ஒரு துண்டு வயர். இவ்வளவும் போதும்.

எஞ்சின் நின்ற நிலையில் பற்றறி 12.4 வோல்ற்றுக்குக் குறையக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். வோல்ற் விழுந்தால் ஏபிஎஸ் தானாகவே விலகிவிடும். பிறகு பொனற்றுக்குள் இருக்கும் பெரிய ஏபிஎஸ் பியூஸ், பற்றறியின் நெகற்றிவ் வயர் வண்டி உடலில் பூட்டிய இடம் இரண்டையும் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் நிற்கும் வண்டிகளில் அந்தப் பூட்டு உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போயிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் வெளிச்சம் வரும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

மலிவு ஸ்கானர்கள் பெரும்பாலும் எஞ்சின் பிழையை மட்டும் வாசிக்கும், ஏபிஎஸ் பிழையைக் காட்டா. பழைய ரொயோற்றாக்களில் ஸ்கானரே தேவையில்லை. ஸ்ரியறிங்கின் கீழுள்ள 16 துளைச் சொக்கெற்றை, அகலமான பக்கம் மேலே வரும்படி பாருங்கள். திறப்பு ஓஃப் நிலையில் இருக்கும்போது மேல்வரிசையின் 4ஆம் துளையையும் கீழ்வரிசையில் இடமிருந்து 5ஆவதான 13ஆம் துளையையும் துண்டு வயரால் இணையுங்கள். அவசரப்பட வேண்டாம்: கீழ்வரிசையின் கடைசித் துளையான 16இல் எப்போதும் மின் இருக்கும், அதில் பட்டால் பியூஸ் போகும்.

திறப்பை ஒன் ஆக்கினால் லைற் மினுங்கத் தொடங்கும். மூன்று தரம் மினுங்கி, சற்று நின்று, ஒரு தரம் மினுங்கினால் அது 31. ரொயோற்றாவில் 31 முன் வலது, 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர். 41 வந்தால் பற்றறி வோல்ற் பிரச்சினை. நிற்காமல் ஒரே சீராக மினுங்கினால் பிழை எதுவும் பதிவாகவில்லை. வேறு கொம்பனி வண்டிகளில் சொக்கெற்றும் இலக்கமும் வேறு.

சென்சர்

இதில்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கராஜில் முதலில் கேட்பது பெரும்பாலும் ஏபிஎஸ் பம்பின் விலை. வன்னி றோட்டில் ஓடும் வண்டிக்குப் பழுது பெரும்பாலும் சில்லில்தான் இருக்கும். வயலுக்குள் இறங்கிய சேறு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் றோட்டுச் செம்மண், வெள்ளம் பாயும் போக்குகள் எல்லாம் அங்கேதான் அடிக்கின்றன.

மற்றச் சில்லுகளுக்குக் கல்லுக் கட்டி, ஜக்கின் கீழ் பலகை வைத்து உயர்த்தி, ஸ்ராண்ட் வைத்த பிறகே கை வையுங்கள். பழைய மாடல்களில் இரண்டு வயர் கொண்ட காந்தச் சென்சர் இருக்கும். பிளக்கைக் கழற்றி ஓம் பாருங்கள். பொதுவாக 800 முதல் 2000 வரை காட்டும். ஒரே அச்சின் இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒத்திருக்க வேண்டும், எண்ணை விட இந்த ஒப்பீடுதான் கூடுதல் நம்பிக்கையானது. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. பிறகு மீற்றரை ஏசி வோல்ற்றுக்கு மாற்றி, சில்லை விநாடிக்கு ஒரு சுற்று அளவில் கையால் சுற்றுங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். (புதிய மாடல்களில் வரும் மின் ஊட்டப்படும் சென்சருக்கு ஓம் பார்க்க வேண்டாம், அது பழுதாகலாம்.)

ஓம் சரி, வோல்ற் இல்லை என்றால் சென்சரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் இரும்புத்தூள் தாடி மாதிரிப் பிடித்து நிற்கும். காந்தம் இழுத்து வைத்த பிறேக் துரு அது. துணியால் துடைத்தாலே போய்விடும். துருவில் இறுகிப்போன சென்சரை ஸ்குறூட்றைவரால் நெம்பினால் பிளாஸ்ரிக் உடையும். துரு நீக்கும் ஒயில் அடித்து 20 நிமிடம் விட்டு, மெல்லத் திருப்பித் திருப்பி எடுங்கள். அந்தத் துளையூடாக ரோர்ச் அடித்து, சில்லோடு சுற்றும் பல்வளையத்தைப் பாருங்கள். பல்லுகளுக்கிடையில் காய்ந்த களிமண் இருக்கிறதா, ஒரு பல் உடைந்திருக்கிறதா, வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா? வெடித்த வளையம் லைற்றை எரிக்காமலே, நிற்கப்போகும் வேளையில் பெடலைக் காரணமில்லாமல் அதிரவும் வைக்கும்.

வயர்

சென்சரில் இருந்து வரும் வயர், சில்லு திரும்பும்போதெல்லாம் வளைகிறது. உறை முழுசாக இருந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீற்றரைக் கொடுத்தபடி வயரை அங்குலம் அங்குலமாக ஆட்டுங்கள். எண் பாய்கிற இடம்தான் பிழை. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலிப் பல்லையும் தேடுங்கள். இணைக்கும்போது ஈயம் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ரேப் சுற்றினால் அடுத்த மாரிக்குத் தண்ணீர் ஏறும். முறுக்கிய இரட்டை வயரென்றால் முறுக்கு அப்படியே இருக்கட்டும், வெளியேயிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுப்பது அதுதான்.

வயரும் சென்சரும் சரியென்றால் சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பெயரிங் ஆடினால் சென்சர் இடைவெளி மாறும். ஒரு பக்கம் வேறு அளவு ரயர் போட்டிருந்தாலும் வேகம் பொருந்தாமல் லைற் எரியும்.

பிழையை அழித்தல்

அதே இரண்டு துளைகளை இணைத்து, திறப்பு ஒன் நிலையில், 3 விநாடிக்குள் பிறேக் பெடலை 8 தரத்துக்கு மேல் மிதியுங்கள். சீரான மினுக்கம் வந்தால் அழிந்துவிட்டது. வயரை எடுத்துவிட்டு, ஆளில்லாத நேர் வீதியில், பின்னால் யாரும் வராததைப் பார்த்து, 40 கிலோமீற்றர் வேகத்தில் இறுக்கி மிதியுங்கள். காலடியில் பெடல் கிர்ரென்று அதிர்ந்தால் ஏபிஎஸ் உயிரோடு இருக்கிறது. உதிரிக் கிறவலில் ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும். அதற்காகப் பியூஸைப் பிடுங்குகிறவர்கள், பூட்டிய சில்லோடு வண்டியைத் திருப்ப முடியாது என்பதை நினைக்க வேண்டும்.

11 முதல் 14 வரையான இலக்கங்கள் வந்தால் பிழை ரிலேப் பக்கம், 51 வந்தால் பம்ப் மோட்டார். அப்போதும் முதலில் பியூஸ், ரிலே, நெகற்றிவ் பூட்டு. பம்ப்தான் என்று உறுதியானால், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையது எடுக்கும்போது உதிரிப்பாக இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய பிறகு பிறேக் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை எடுக்காமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.