மரச்சட்டத்துக்கு பெயிண்ட்: வழவழப்பைக் கெடுக்கும் தவறுகள்

நிலைக்கதவு, ஜன்னல் சட்டம், ஸ்கர்ட்டிங் பலகை என்று எதற்குப் புதியவர்கள் பெயிண்ட் அடித்தாலும், தொடக்கத்தில் நான் செய்த அதே கூத்துதான் நடக்கிறது. டின்னைக் கலக்காதது, தரையில் துணி விரிக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டாலே புரிந்துவிடும்.

ப்ரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தேய்க்காமல் விடுவது

ஈரம் பட்டதும் மர நார்கள் எழுந்து நிற்கும். தண்ணீர் ப்ரைமர் என்றால் இன்னும் அதிகம். காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, கையால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சொரசொரப்பை மறைக்காது. பளபளப்பு கூடக் கூட எடுத்துக் காட்டும்.

காயத் தொடங்கிய இடத்தில் மறுபடி பிரஷ் வைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கதவை அடித்து முடித்து, தள்ளி நின்று பார்ப்பார்கள். எங்கோ ஒரு கோடு தெரியும். உடனே, ‘சும்மா ஒரு இழுப்பு’.

பிரஷ் கோடுகள் மறைவது நம் கைத்திறமையால் மட்டும் அல்ல. ஈரமாக இருக்கும்வரை பெயிண்ட் தானே பரவிச் சமனாகும். தண்ணீரோ தின்னரோ ஆவியாக ஆவியாகக் கெட்டியாகி நின்றுவிடும். அதற்குமேல் பிரஷ் பட்டால் பாலாடையில் விரல் வைத்த மாதிரி சுருங்கி இழுபடும். தண்ணீர் எனாமலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். ஆயில் எனாமலில் கொஞ்சம் அவகாசம் உண்டு.

ஒரு பையன் இப்படித்தான் நடுப் பேனலைத் தொட்டான். தொட்ட இடம் தடித்தது. அதைச் சரிசெய்யப் பக்கத்தைத் தொட்டான். கடைசியில் கதவு முழுக்க வரிவரியாக நின்றது. “தேய்ச்சுட்டு அடிச்சிரலாம் அண்ணே” என்றான். ஆயில் எனாமல் இறுகாமல் தேய்த்தால், உருண்டு உருண்டு தாளை அடைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் கதவு சும்மா நின்றது. அந்தக் கூலியை யார் தருவது?

கோடு தெரிந்தால் தெரியட்டும். இறுகியபின் 320 நம்பர் தாளால் தேய்த்து அடுத்த பூச்சில் சரிசெய்யலாம். பேனல் கதவில் முதலில் பேனல்கள், அப்புறம் குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம். ஒவ்வொரு பகுதியையும் மர ரேகை போகும் திசையில் மெல்ல இழுத்து முடியுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஈரம் இருக்கும்போதே பாருங்கள்.

ஒரே பூச்சில் மூடப் பார்ப்பது

வடியும்.

பழைய பளபளப்பின் மேல் நேராக அடிப்பது

நகத்தால் கீறினாலே தோலாக உரியும். தேய்த்து மங்கலாக்கிய பிறகு அடியுங்கள். மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும்; சோதிக்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.