மோபி டிக் நாவலைப் பாதியில் விடாமல் படிப்பது எப்படி?

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட இந்த நாவலைப் புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாக மூடிவைக்கும் இடம் 32ஆம் அத்தியாயம். ஓடிக்கொண்டிருந்த கதை நின்று, திமிங்கில வகைப்பாடு தொடங்கும் இடம் அது. அதைத் தாண்டக் கொஞ்சம் முன்தயாரிப்பு போதும்.

1. பதிப்பு

135 அத்தியாயங்களும் முடிவுரையும் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டன்பர்க் தளத்தில் முழுநூலும் இலவசம். சுருக்கப் பதிப்பு வேண்டாம். அதில் முதலில் கத்தரி விழுவது திமிங்கில அத்தியாயங்கள் மீதுதான். லண்டனில் வந்த முதல் பதிப்பில், கதைசொல்லி பிழைத்ததைச் சொல்லும் முடிவுரை விடுபட்டுப்போனது. எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொன்னது யார் என்று விமர்சகர்கள் கேட்டதும் அதனால்தான்.

2. அரைமணி நேரம் தமிழ் பைபிள்

யோனா புத்தகம் நான்கே அதிகாரம். முழுவதும் படியுங்கள். 9ஆம் அத்தியாயப் பிரசங்கம் அதை வைத்துத்தான். பிறகு 1 இராஜாக்கள் 22இல் ஆகாப் ராஜாவின் சாவு, ஆதியாகமம் 21இல் துரத்தப்படும் இஸ்மவேல். மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கப்பல் தலைவன் பெயர் ஆகாப், கதைசொல்லி பெயர் இஸ்மவேல். இது தெரிந்தால் 16ஆம் அத்தியாயத்தில் நாய்கள் ரத்தம் நக்கிய பேச்சு ஏன் வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

3. அந்த 32ஆம் அத்தியாயம்

இதை விலங்கியல் பாடமாகப் படித்தால் தோற்றுப்போவீர்கள். திமிங்கிலம் பாலூட்டி என்ற வாதம் தெரிந்தும், யோனாவைச் சாட்சிக்கு அழைத்து ‘மீன்தான்’ என்று அடம்பிடிக்கிறான் இஸ்மவேல். திமிங்கிலங்களைப் பெரிய புத்தகம், நடுத்தரம், சிறியது என்று அச்சுக்கூடத்தார் தாள் அளவைப் பிரிப்பதுபோல் பிரிக்கிறான். பாதி கிண்டல் அது. வகைப் பெயர்களைக் குறித்துவைக்காதீர்கள்; எந்த இடத்தில் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறான் என்பதை மட்டும் கோடிடுங்கள்.

நாளுக்கு நான்கு அத்தியாயம் என்றால் ஐந்து வாரத்தில் முடியும். பல அத்தியாயங்கள் சின்னவை. 122ஆவது சில வரிகள்தான்.

4. ஒன்பது கப்பல்கள்

நாவலின் முதுகெலும்பு இதுதான். நடுக்கடலில் ஆகாபின் கப்பல் ஒன்பது கப்பல்களைச் சந்திக்கிறது: அத்தியாயங்கள் 52, 54, 71, 81, 91, 100, 115, 128, 131. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கப்பலின் நிலை, வெள்ளைத் திமிங்கிலத்தைப் பற்றி அவர்கள் சொன்னது, அதற்கு ஆகாப் செய்தது. 100ஆவதில் நிதானியுங்கள். அதே திமிங்கிலத்தால் கையை இழந்த ஆங்கிலேயத் தலைவர், போதும் என்று விட்டுவிட்டவர், காலை இழந்த ஆகாபின் எதிரே நிற்கிறார்.

5. நாடகமாக மாறும் பக்கங்கள்

37இல் ஆகாபும் 38, 39இல் அவனுடைய துணை அதிகாரிகளான ஸ்டார்பக்கும் ஸ்டப்பும் தனியே பேசுவதை இஸ்மவேல் எப்படிக் கேட்டான் என்று குழம்ப வேண்டாம். மேடைக் குறிப்புகளோடு வரும் தனிமொழிகள் அவை; 40ஆவது மாலுமிகள் கூடிப் பேசும் நாடகக் காட்சி. வாய்விட்டுப் படியுங்கள்.

முடிவுரைக்கு வந்ததும் நோட்டில் 128ஆவதைத் திருப்புங்கள். காணாமல்போன மகனைத் தேட உதவி கேட்டு, ஆகாபிடம் மறுப்பு வாங்கிய ரேச்சல் கப்பல்தான் இஸ்மவேலைக் கடலிலிருந்து எடுக்கிறது.