ஆப்பிரிக்கத் தெருவோரச் சிறார் இல்லத்திற்கு நம் கரையிலிருந்து உதவுவது எப்படி?

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்காவில் திருச்சபை நடத்தும் ஆதரவற்ற சிறார் இல்லமொன்றுக்கு உதவ விரும்புவோர், அந்த இல்லம் அரசிடம் பதிவு பெற்றுள்ளதா, ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறதா என்று அங்குள்ள ஆயரகத்திற்கு (ஆயரின் அலுவலகத்திற்கு) எழுதி முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தெருவில் வாழும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ பாட்டியோ உயிருடன் இருப்பதுண்டு. ஆகவே, உறவினரைத் தேடிக் கண்டுபிடித்துப் பிள்ளையைக் குடும்பத்தில் சேர்க்க இல்லம் என்ன செய்கிறது என்பதையே தலையாய கேள்வியாக நான் கருதுகிறேன். 2009இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற, பெற்றோர் பராமரிப்பு இல்லாத சிறாருக்கான மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும் குடும்பத்தையே முன்னிறுத்துகின்றன.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் (LRS) தனிநபர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், பங்குக் கோவிலின் பொதுக்கணக்கிலிருந்து அனுப்ப முயலாமல், ஒவ்வொருவரும் தம் வங்கியில் பான் எண்ணும், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்திற்கான ஏ2 படிவமும் கொடுத்து, இல்லத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே அனுப்ப வேண்டும். இதற்கு வரிக்கழிவு கிடைக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களிடம் தயவுசெய்து நன்கொடை கேட்காதீர்கள். பழைய துணிகளை அனுப்பும் செலவில் அங்கேயே புதிய பள்ளிச் சீருடை வாங்கலாம். பிள்ளைகளின் படங்களைப் பகிர வேண்டாம்.