காலக்டோசீமியா: மாதிரி எடுக்கும்போது பிசகினால் முடிவும் பிசகும்

பிறந்த சில நாட்களில் வாந்தி, வடியாத மஞ்சள் காமாலை, ஏறாத எடை என்றால் காலக்டோசீமியாவையும் பார்த்துவிடுங்கள். பாலில் வரும் காலக்டோஸைக் குளுக்கோஸாக்கும் வழியில் உள்ள கால்ட் நொதி இந்தக் குழந்தைகளுக்கு இயங்காது. அந்த நொதியைச் சிவப்பணுவில் அளக்கிறோம். ஆகவே ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்தாக வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடுத்தவரின் நொதிதான் தெரியும். சுமார் மூன்று மாதம் காத்திருக்க நேரும்.

குதிகாலின் பக்கவாட்டில் ஸ்பிரிட் தடவி, அது காய்ந்தபின் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டை, ரத்தத்தை உறிஞ்சும் வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வரை ஊற வேண்டும். சொட்டின் மேல் சொட்டு வைக்காதீர்கள். வெயில் படாமல், படுக்கைவாக்கில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்துங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டாலோ, கோடை வெக்கையில் அட்டை கிடந்தாலோ நொதி செத்துவிடும். நல்ல குழந்தைக்கும் ‘நொதி இல்லை’ என்று வரும்.

நொதி உண்டா இல்லையா என்று காட்டும் பியூட்லர் சோதனையில், அட்டையின் ரத்தப் பொட்டிலிருந்து வெட்டிய 3 மி.மீ. வில்லையை வினைக்கரைசலில் 37 டிகிரியில் வைத்து, அதிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் உலர்த்தி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒளிர்ந்தால் நொதி உண்டு. ஒளிராவிட்டால் கால்ட் இல்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஒளியைத் தரும் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் உருவாக, சிவப்பணுவில் உள்ள ஜி6பிடி என்ற இன்னொரு நொதியும் வேலை செய்ய வேண்டும். அது குறைந்தாலும் இருட்டுதான். ரத்தம் கட்டாமல் தடுக்கும் இடிடிஏ மருந்துள்ள குழாயின் ரத்தத்தை அட்டையில் விட்டாலும் அப்படியே, ஏனென்றால் இடிடிஏ இந்தச் சோதனையின் இடைநிலை நொதிக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஹெப்பரின் என்ற, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வேறு மருந்துள்ள குழாயில் சிரை ரத்தம் எடுத்து, பனிக்கட்டியாகிவிடாமல் குளிரில் அனுப்பி, நொதியின் அளவைக் கேளுங்கள். முழு நோயில் ஏறக்குறைய எதுவும் இராது. டுவார்ட்டே என்ற லேசான வகையில் இயல்பான அளவில் சுமார் 25 சதவீதம். நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரிடம் ஏறக்குறைய பாதி. ரத்தம் ஏற்றிவிட்ட குழந்தை என்றால் பெற்றோர் இருவரின் நொதியையும் அளந்து பாருங்கள். இருவருக்கும் பாதி என்றால் சந்தேகம் வலுக்கும்.

காலக்டோஸ் அளவை மட்டும் நம்பாதீர்கள். பால் குடிக்காமல் டிரிப்ஸில் இருக்கும் குழந்தைக்கு அது சரியாகவே வரலாம். நொதி அளவு பாலைப் பொறுத்து மாறாது.

மாதிரி எடுத்த கையோடு தாய்ப்பாலையும் பசும்பாலையும் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் சோயா பால்மாவுக்கு மாற்றுங்கள். முடிவு வர நாளாகும், அதற்குள் ஈ.கோலை கிருமி ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும்.